ஒன்பது அங்குலக் கையும் எட்டடிச் சட்டமும்

நான் முதன்முதலில் குவில்ட் செய்த பெரிய போர்வை, சாப்பாட்டு மேசைமேல் இருந்த தையல் மெஷினுக்குள் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. இருவர் படுக்கும் கட்டிலுக்கான அளவு. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கு, மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் குவில்ட். அந்தப் பொதியைப் பாய் போலச் சுருட்டி மெஷினின் கைக்கு அடியில் திணிப்பேன், நான்கு அங்குலம் தைப்பேன், பிரித்து வேறு பக்கமாகச் சுருட்டுவேன். மூன்றாவது வாரம் வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. சோறு கிளறக்கூடக் கை வரவில்லை.

அதன் பிறகுதான் சட்டத்துக்கு மாறினேன், துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு மெஷினை அதன்மேல் ஓட்டவிடும் சட்டம். நான் இருப்பது கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில். இங்கே குவில்ட் தைக்கிறவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். எதிர்வீட்டு மூதாட்டி வீட்டைக் காலி செய்யும்போது தன் பழைய எட்டடிச் சட்டத்தையும், நேர்த்தையல் மட்டுமே போடும் ஜூகி மெஷினையும் எனக்கு விற்றுவிட்டுப் போனார். நிலவறையில் அதைப் பொருத்தி நான்கு வருடம் ஆகிறது. இந்த நான்கு வருடத்தில் கற்றதைத்தான், வீட்டிலேயே இதைப் பழக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. மெஷினின் ஊசிக்கும் அதன் உடம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் இங்கே கையின் நீளம் என்கிறார்கள். கடைகளில் கூலிக்குக் குவில்ட் செய்து தரும் லாங் ஆர்ம் மெஷின்களில் அது 18 அங்குலத்திலிருந்து 26 அங்குலம் வரை இருக்கும். விலை, ஒரு கார் வாங்கும் விலை. என்னுடைய மெஷினில் ஏறக்குறைய 9 அங்குலம். இதுதான் ஷார்ட் ஆர்ம். ஒன்பது அங்குலமும் நமக்குக் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. தைத்து முடித்த துணியைச் சுருட்டிக்கொள்ளும் குழாய் அந்தக் கைக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. குழாயின் பருமனும், துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் இடமும் போக, தொடங்கும்போது ஆறு அங்குல அகலப் பட்டை கிடைக்கும். சுருள் பருக்கப் பருக்க அது ஐந்தாகி, கடைசிச் சுற்றுகளில் நான்குக்கு வந்து நிற்கும். 72 அங்குல நீளப் போர்வை ஒன்றை முடிக்கப் பதினான்கு, பதினைந்து முறை சுருட்ட வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கு தெரியாமல்தான் பலர் மனம் உடைந்து சட்டத்தைக் கழற்றி விற்றுவிடுகிறார்கள். எட்டங்குலப் பூ ஒன்றைப் போட ஆரம்பித்து, ஐந்தாவது அங்குலத்தில் மெஷின் சுருளில் முட்டி நின்றால் யாருக்குத்தான் வெறுப்பு வராது? நான் எந்த வடிவத்தை எடுத்தாலும் நான்கு அங்குல உயரத்துக்குள் அடங்குமா என்று முதலில் பார்க்கிறேன். முதல் சுற்றில் ஆறு அங்குலம் கிடைக்கிறதே என்று ஆசைப்படுவதில்லை. முதல் வரிசை பெரிதாகவும் கடைசி வரிசை சிறிதாகவும் இருந்தால் போர்வையை விரித்த உடனே அது தெரிந்துவிடும்.

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வயிற்றுப் பக்கம் இரண்டு குழாய்கள், ஒன்றில் அடித்துணி, மற்றதில் மேல்துணி. எதிர்ப்பக்கம், மெஷினின் கைக்குள் நுழைந்து போகும் மூன்றாவது குழாய், தைத்து முடித்ததைச் சுருட்ட. மெஷின் இரண்டு அடுக்கு வண்டியின்மேல் நிற்கிறது. கீழ்வண்டி இடவலமாக ஓடும், மேல்வண்டி முன்னும் பின்னும் ஓடும். இரண்டும் சேர்ந்தால் எந்தத் திசையிலும் வட்டமடிக்கலாம். மேசையில் தைக்கும்போது ஊசி நிற்கும், துணி நகரும். இங்கே துணி நிற்கும், ஊசி நகரும். தாளை நகர்த்தி எழுதிக்கொண்டிருந்தவர் கையில் பேனாவைக் கொடுத்த மாதிரி. துணியை இழுக்கும் பற்களுக்கு இங்கே வேலை இல்லை. அவற்றைக் கீழே இறக்கிவிடுங்கள், அல்லது தகடு போட்டு மூடிவிடுங்கள். சாதாரண பாதத்தைக் கழற்றிவிட்டு, ஊசியோடு சேர்ந்து துள்ளும் குவில்ட் பாதத்தைப் பூட்டுங்கள்.

சட்டத்தைப் பூட்டியதும் ரசமட்டம் வைத்து நான்கு மூலையும் பாருங்கள். அதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. மெஷினை நட்டநடுவில் நிறுத்திவிட்டுக் கையை எடுங்கள். தானாக எந்தப் பக்கமாவது உருண்டால் அந்தப் பக்கம் தாழ்வு. என் நிலவறைத் தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருப்பது இப்படித்தான் தெரிந்தது. இரண்டு கால்களுக்கு அடியில் மரச்சில்லு வைத்தேன். சரிவில் ஓடும் மெஷினை நம் கை ஓயாமல் பிடித்து நிறுத்திக்கொண்டே இருக்கும், வட்டம் முட்டையாகிவிடும். சட்டத்தின் உயரமும் முக்கியம். நின்று வேலை செய்யும்போது கைப்பிடி முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். தண்டவாளத்தைத் தினமும் உலர்ந்த துணியால் துடையுங்கள். சக்கரத்தில் ஒரு நூல் துணுக்கு ஒட்டிக்கொண்டாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துள்ளல் தையலில் விழும்.

இனி துணி ஏற்றுவது. பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது என்பேன். அடித்துணி மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் நான்கு அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும், பஞ்சு இரண்டு மூன்று அங்குலம் கூடுதல் போதும். அடித்துணியின் ஓரம் நேராக இல்லாவிட்டால் போர்வை முழுவதும் கோணலாகும். கத்தரியை நம்பாதீர்கள். நம் ஊர் ஜவுளிக்கடையில் மல் துணியைக் கிழித்துக் கொடுப்பார்களே, அதுதான் வழி. ஓரத்தில் சின்னதாக வெட்டிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று கிழியுங்கள். கிழிசல் இழையோடு இழையாகப் போகும், அதைவிட நேர்கோடு கிடையாது.

குழாய்களில் நிரந்தரமாக ஒட்டியிருக்கும் கெட்டித் துணி ஒன்று இருக்கும். அதன் நடுவில் அழியாத மையால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடித்துணியை நடுவில் மடித்து, அந்த மடிப்பைக் கோட்டோடு பொருத்தி, அங்கிருந்து இரு பக்கமும் குண்டூசி குத்திக்கொண்டு போக வேண்டும். ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்துக்குப் போனால் துணி இழுபட்டு, கடைசியில் ஒரு அங்குலம் மிஞ்சி நிற்கும். எதிர்ப்பக்கக் குழாயில் மேல்முனை, வயிற்றுப் பக்கக் குழாயில் கீழ்முனை. சுருட்டும்போது உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தடவிக்கொண்டே சுருட்டுங்கள். பஞ்சை நடுவில் விரித்து, அதன்மேல் மேல்துணியைப் போடுங்கள். மேல்துணியையும் அதற்குரிய குழாயில் குத்தலாம். நான் குத்துவதில்லை, முன்பக்கமாகத் தொங்கவிட்டுவிடுகிறேன். தன் எடையிலேயே அது நேராக நிற்கிறது, அங்கங்கே உப்பியிருந்தாலும் தடவிச் சரிசெய்ய முடிகிறது. பிறகு மேல்விளிம்பில் ஒரு நேர்த்தையல். மேல்வண்டியின் சக்கரங்களை இரண்டு கிளிப் போட்டுப் பிடித்துவிட்டால் மெஷின் இடவலமாக மட்டும் ஓடும், கோடு தானாக நேராக விழும்.

எவ்வளவு இறுக்க வேண்டும்? என் முதல் போர்வையைத் தவில் போல இறுக்கினேன். விரலால் தட்டினால் ஒலி வரும் அளவுக்கு. இறுக்கமாக இருந்தால் தையல் சீராக விழும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. இறுகிய துணிக்குள் இறங்கிய ஊசியைத் துணி விடவில்லை. நான் மெஷினை நகர்த்த, ஊசி வளைந்தது. வளைந்த ஊசியின் நூலை மெஷினுக்கு அடியில் சுழலும் கொக்கியால் பிடிக்க முடியாமல் தையல் விட்டுவிட்டு விழுந்தது. அன்று மாலைக்குள் நான்கு ஊசி உடைந்தது. கழற்றிப் பார்த்தபோது அடித்துணியில் ஊசிக்கண்கள் வாய் பிளந்திருந்தன.

இப்போது நான் செய்யும் சோதனை இது. துணிக்கு அடியில் கையை விட்டு, ஆள்காட்டி விரலால் மேல்நோக்கிக் குத்துகிறேன். மேலே இருக்கும் இன்னொரு கை, மூன்று அடுக்குக்கும் மேலாக அந்த விரல் நுனியை இரண்டு விரலால் பிடிக்க முடிய வேண்டும். பிடிக்க முடியாவிட்டால், குழாயைச் சுழலாமல் பிடித்து நிறுத்தும் பற்சக்கரமான ராட்செட்டை ஒரு பல் தளர்த்துகிறேன். பார்வைக்குத் துணி லேசாகத் தொய்ந்த மாதிரி இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். பக்கவாட்டில் பிடிக்கும் எலாஸ்டிக் கிளிப்புகளுக்கும் இதே விதிதான். அவை துணியை நிறுத்தினால் போதும், இழுக்கக் கூடாது. அந்த எலாஸ்டிக் பட்டை, துணிக்கு அடியில் இருக்கும் மெஷினின் கீழ்ப்பகுதியான படுகைமேல் முட்டாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் மெஷினை இரு கோடிக்கும் தள்ளிப் பாருங்கள். ஓரத்தில் தைத்துக்கொண்டிருக்கும்போது பட்டையில் முட்டினால் அழகான வளைவின் நடுவில் ஒரு பல் முளைத்துவிடும்.

நூல் இறுக்கத்துக்கு என் அம்மா சொன்னதையே சொல்கிறேன். அம்மா ஈரோட்டில் முப்பது வருடம் ரவிக்கை தைத்தவர். குவில்ட் மெஷினைக் கண்ணால் பார்த்ததில்லை. தொலைபேசியில் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, “கீழ்நூலை முதலில் சரிசெய் கண்ணு, மேல்நூல் தன்னால் வழிக்கு வரும்” என்றார். அப்படியே நடந்தது. கீழ்நூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடான பாபின் கேஸை உள்ளங்கையில் படுக்க வைத்து, நூலின் நுனியைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். கேஸ் எழுந்து நிற்க வேண்டும், ஆனால் கையை விட்டுக் கிளம்பக் கூடாது. தொங்கவிட்டு ஒரு சின்னக் குலுக்குக் குலுக்கினால் ஒன்றிரண்டு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். கடகடவென்று தரைவரை போனால் தளர்வு, அசையவே இல்லை என்றால் இறுக்கம். அந்தக் குட்டித் திருகைத் திருப்பும்போது, கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்கு மேல் ஒருபோதும் திருப்பாதீர்கள்.

பிறகு மேல்நூல். போர்வையின் ஓரத்தில் மிஞ்சி நிற்கும் பஞ்சின்மேலும் அடித்துணியின்மேலும் ஒரு துண்டுத் துணி போட்டு, அங்கே சில வட்டங்கள் தைத்துப் பாருங்கள். நேர்கோட்டை நம்பாதீர்கள், குறை வளைவில்தான் வெளிப்படும். பின்பக்கம் வளைவுகளில் கண்ணிமை மயிர் போல நூல் கண்ணிகள் நீட்டிக்கொண்டிருந்தால் மேல்நூல் தளர்வாக இருக்கிறது, அல்லது வளைவில் கையை வீசி இழுக்கிறீர்கள். கீழ்நூல் கம்பி போல நேராகப் படுத்திருந்து அதன்மேல் மேல்நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் மேல்நூல் தளர்வுதான். அதே கம்பி மேல்பக்கம் தெரிந்தால் மேல்நூலைத் தளர்த்துங்கள். பின்பக்கத்தைக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. துணிக்கு அடியில் விரல் நுனியை ஓட்டினாலே சொரசொரப்பு தெரியும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் நான் விரலை ஓட்டிப் பார்க்கிறேன். ஒரு முறை சோம்பல்பட்டு விட்டுவிட்டேன், ஆறு வரிசையைப் பிரிக்க இரண்டு நாள் ஆனது.

ஊசி 14-ஆம் எண்ணில் தொடங்குங்கள். ஊசி வளைந்து தையல் விட்டுப்போனால் 16-க்கு மாறுங்கள். ஒரு போர்வைக்கு ஒரு புது ஊசி. பாபின் மாற்றும்போதெல்லாம் கொக்கியைச் சுற்றியுள்ள பஞ்சைத் தூரிகையால் தட்டிவிடுங்கள், மூன்று நான்கு பாபினுக்கு ஒரு முறை ஒரு சொட்டு எண்ணெய். நூல் எதுவானாலும் மேலும் கீழும் ஒரே நிறம் வையுங்கள், சிறு குறைகள் கண்ணுக்குத் தெரியாது.

மெஷினை ஓட்டுவதற்கு வருவோம். தையலின் நீளத்தை இங்கே மெஷின் தீர்மானிப்பதில்லை, நம் கை தீர்மானிக்கிறது. அங்குலத்துக்குப் பத்துத் தையல் அழகு என்று வைத்துக்கொள்வோம். மெஷின் நிமிடத்துக்கு 500 தையல் போடுகிறது என்றால், கை நிமிடத்துக்கு 50 அங்குலம் நகர வேண்டும். ஒரு நொடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பயந்து மெல்ல நகர்த்தினால் தையல் கடுகு போலப் பொடிப்பொடியாகும், அவசரப்பட்டால் நூலோட்டிய மாதிரி நீளும். வண்டிச் சக்கரத்தின் ஓட்டத்தை அளந்து மெஷினின் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவியும் விற்கிறார்கள். வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், நல்ல கருவிதான். என்னிடம் இல்லை. கைப்பிடியில் உள்ள வேகத் திருகை ஓரிடத்தில் வைத்துவிட்டு, மோட்டாரின் ஒரே சுருதிக்குக் கையை ஓட்டப் பழகினேன். இருபது மணி நேரம் பழைய படுக்கை விரிப்பின்மேல் ஓட்டிய பிறகு தையல் ஒரே அளவாக விழத் தொடங்கியது.

அதற்கு முன்னால் தாளில் வரையுங்கள். நான்கு அங்குல இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, பேனாவை எடுக்காமல் அதற்குள் வரைந்துகொண்டே போங்கள். விரலை அசைக்காமல் தோளிலிருந்து வரைய வேண்டும், சட்டத்தில் தோள்தான் வேலை செய்யும். குனிந்து நின்று சிக்குக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது சீக்கிரம் பிடிபடும். முதலில் முடிச்சு முடிச்சாகச் சுழலும் வளையம், அடுத்து ஆற்றுப் போக்கில் வளைந்து போகும் கோடு, அதன் பிறகு சுருள். இறகு வடிவத்துக்கு ஒரு வருடம் கழித்துப் போகலாம்.

ஷார்ட் ஆர்ம் வைத்திருப்பவர் கற்க வேண்டிய மிக முக்கியமான வித்தை வேறொன்று, அதைச் சொல்லித் தர எனக்கு யாரும் இல்லை. வரிசைகளை ஒட்டவைப்பது. நான்கைந்து அங்குலத்துக்கு ஒரு முறை சுருட்டுகிறோம். ஒவ்வொரு வரிசையின் கீழ்முனையையும் சட்டம் தருகிற எல்லைவரை நிரப்பி நேராக முடித்தால், போர்வை முழுக்க வயல் வரப்பு போலக் கோடு கோடாகத் தெரியும். தூரத்தில் நின்று பார்த்தால் பூ தெரியாது, வரப்புதான் தெரியும். என் முதல் மூன்று போர்வையிலும் அது இருக்கிறது. நான்காவதில்தான் வழி கண்டுபிடித்தேன். கீழ்முனையை வேண்டுமென்றே ஏற்ற இறக்கமாக விட வேண்டும். ஒரு சுருள் எல்லைவரை இறங்கட்டும், அடுத்தது இரண்டு அங்குலம் மேலேயே நிற்கட்டும், அதற்கடுத்தது பாதிவரை வரட்டும். விரல்களை விரித்து வைத்தது போல ஒரு விளிம்பு கிடைக்கும். சுருட்டிய பிறகு அடுத்த வரிசை அந்த விரலிடுக்குகளுக்குள் புகுந்து தொடங்க வேண்டும். இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி வரிசைகள் பின்னிக்கொள்ளும், எங்கே சுருட்டினோம் என்று நமக்கே தெரியாது. சுருட்டும் முன் அடுத்த வரிசை எந்த இடுக்கில் புகப்போகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வேன்.

தொடங்கும்போது ஊசியை ஒரு முறை இறக்கி ஏற்றி, கீழ்நூலை மேலே இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நூலையும் பிடித்தபடி ஓரிடத்திலேயே நான்கைந்து பொடித் தையல், பிறகு ஓட்டம். நிற்கும்போது ஊசி துணிக்குள்ளேயே நிற்கட்டும்.

ஒவ்வொரு முறை சுருட்டும் முன்பும் இரு ஓரத்திலும் மூன்று அடுக்கையும் சேர்த்து மேலிருந்து கீழாக நூலோட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மேல்துணி மெல்லச் சுருங்கி, கீழே போகப்போகப் போர்வை குறுகிவிடும். முதல் வரிசையின் அகலத்தை அளந்து சட்டத்தில் பட்டை ஒட்டி வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அதோடு ஒப்பிடுகிறேன். சுருள் பருத்ததும் துணி மெஷினின் படுகையை விட்டு மேலே எழும்பிவிடும். படுகைக்கும் துணிக்கும் நடுவில் ஒரு விரல் பருமன் போதும். அதற்கு மேல் போனால் பின்குழாயைத் தாழ்த்துங்கள்.

இங்கே கைத்தையல்தான் உண்மையான குவில்ட், மெஷினில் தைத்தது மட்டம் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அது வலித்ததுண்டு. லூயிவிலிலிருந்து மூன்றரை மணி நேரம் மேற்கே போனால், ஒஹாயோ நதியும் டென்னசி நதியும் கூடும் இடத்தில் பதூகா என்ற ஊர் இருக்கிறது. அமெரிக்கன் குவில்டர்ஸ் சொசைட்டி அங்கே நடத்தும் கண்காட்சியில் 1989-இல் கேரல் பிரையர் ஃபாலர்ட் மெஷினில் குவில்ட் செய்த படைப்பு, கண்காட்சியிலேயே தலைசிறந்ததற்கான பரிசைப் பெற்றது. சூரிய கிரகணத்தைக் காட்டும் குவில்ட் அது. மெஷினில் செய்தது ஒன்று அங்கே அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. 1991-இல் அந்த ஊரில் திறந்த தேசிய குவில்ட் அருங்காட்சியகத்துக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். தையல்களைக் கிட்ட நின்று பார்க்கும்போது, ஒரே அளவில் விழுந்த ஒவ்வொரு தையலுக்கும் பின்னால் ஒரு கையின் பழக்கம் இருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

முதல் போர்வைக்கு 40 அங்குலச் சதுரத்துக்கு மேல் எடுக்காதீர்கள், குழந்தைக்குப் போர்த்தும் அளவு. மேல்துணியில் பூப்போட்ட துணி நிறைய இருக்கட்டும், தையலின் தடுமாற்றத்தை அது வாங்கிக்கொள்ளும். பஞ்சு, பருத்தி எண்பது பங்கும் பாலியெஸ்டர் இருபது பங்கும் கலந்தது நல்லது. முடிந்ததும் சட்டத்திலிருந்து கழற்றி ஒரு இரவு தரையில் விரித்து வையுங்கள், இழுபட்டிருந்த துணி தன் நிலைக்குத் திரும்பட்டும். மறுநாள் ஓரத்தை நேராக வெட்டி, சுற்றிலும் பட்டை வைத்துத் தைத்துவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். பஞ்சு சற்றே சுருங்கி, தையலுக்குத் தையல் துணி மெத்தென்று எழும்பும்.